ஃபிட்டரண்ணனின் திங்கட்கிழமை

உலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஃபிட்டரண்ணன்தான். இதைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகச் சொல்லலாம். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

குன்னூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெப் டிசைன் வகுப்பு நடந்தது. கீழே வர்க்கி வேகும், மேலே நாங்கள் வேகுவோம். படிக்க வந்தவர்கள் எல்லோரும் காலேஜ் பிள்ளைகள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். சுவர் ஓரமாகக் கடைசி நாற்காலியில், பெயரைக் கேட்டால்கூடக் காதில் விழாதபடி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருவர் அரை மணி தாமதமாக வந்தார். மங்கி கேப், காக்கிச் சட்டை, தோளில் ஸ்பேனர் துருத்திய பை. மின்சார வேலைக்கு வந்தவர் என்று நினைத்து சார் சுவிட்ச் போர்டைக் காட்டினார். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் காலி நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் காதை வைத்தார். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது.

"ஏனுங்க சார், உள்ள ஃபேன்ல பேரிங் போச்சுங்க."

"அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் ஓடுது. உக்காருங்க" என்றார் சார். கோயம்புத்தூரிலிருந்து வந்து போகிற இளம் வயதுக்காரர்.

"ஓடும்ங்க. இன்னும் பதினைஞ்சு நிமிசம் ஓடும்."

பன்னிரண்டாவது நிமிடம் அது நின்றது. அன்றைக்கே வகுப்பு முழுவதும் அவரை ஃபிட்டரண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒரு டீ பேக்டரியில் இருபத்தைந்து வருடமாக அவருக்கு அதுதான் வேலை, அங்கேயும் அதுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

நான் ஏன் அங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒன்பது பெண்கள் சேர்ந்து சின்னதாக ஒரு தேயிலைக் கூடம் நடத்துகிறோம். ஒவ்வொருத்திக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் தோட்டம். ஏஜெண்டிடம் கொழுந்தைக் கொடுத்து அவன் சொன்ன விலையை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், நாங்களே வாட்டி, உருட்டி, உலர்த்தி விற்கலாம் என்று துணிந்தோம். செய்யத் தெரிந்தது. விற்கத் தெரியவில்லை. அந்த சீசன் முடிவதற்குள் நேரடியாக வாங்குகிற ஒரு ஆளைப் பிடிக்காவிட்டால் வாடகைக்கு எடுத்த உருட்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏஜெண்டின் தராசு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

"இப்ப எல்லாரும் இன்டர்நெட்லதான் யாவாரம் பண்றாங்களாம். யார்னாச்சும் ஒருத்தி போய்ப் படிச்சிட்டு வாங்க" என்றார் செல்லம்மாக்கா. சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவர், எங்கள் ஒன்பது பேருக்கும் தலைவி. எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒன்பதில் பிளஸ் டூ பாஸ் செய்த பாவி நான்தான்.

வகுப்பில் சார் பேசுவது எனக்குப் பாதி புரியாது, மீதியைக் கேட்க வெட்கம். பக்கத்தில் இருந்த ஃபிட்டரண்ணனுக்கும் பாதிதான் புரிந்தது. ஆனால் அவருக்கு வெட்கம் கிடையாது. "சார், நிறுத்துங்க. மறுபடி சொல்லுங்க" என்று ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்பார். எனக்கும் சேர்த்து அவரே கேட்டுவிட்டதால்தான் நான் தேறினேன்.

வெப் பக்கம் எழுதுகிற எச்.டி.எம்.எல்.லில் டேக் என்று ஒன்று உண்டு. ஒன்றைத் திறந்தால் அதை மறக்காமல் மூட வேண்டும். மூடாமல் விட்டால் பக்கம் கோணிக்கொள்ளும். பிள்ளைகள் எல்லோரும் மறப்பார்கள். ஃபிட்டரண்ணன் மறந்ததே இல்லை. அவரிடம் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது, பை நிறைய நட்டு இருந்தது. ஒரு டேக்கைத் திறந்தால் தட்டில் ஒரு நட்டு வைப்பார். மூடினால் எடுத்துப் பையில் போடுவார். எழுதி முடித்த பிறகு தட்டு காலியாக இருக்க வேண்டும்.

"பேக்டரியில அப்புடித்தானுங்க அம்மிணி. மெஷினைப் பிரிச்சா கழட்டுன நட்டு எல்லாம் தட்டுக்குப் போவோணும். மாட்டி முடிச்ச பொறவு தட்டுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சுன்னா, மெஷினை ஓட்டக் கூடாது."

ஒரு நாள் பிள்ளைகள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் தட்டில் கூடுதலாக ஒரு நட்டைப் போட்டுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தார், தட்டைப் பார்த்தார், முதல் வரியிலிருந்து தேட ஆரம்பித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு மணி நேரம் தேடினார். சார் கொடுத்த மாதிரிப் பக்கத்திலேயே இரண்டு தப்பைக் கண்டுபிடித்தார். கடைசியில் அந்த நட்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது என்ற நட்டு இல்லைங்க. என்னுது எல்லாம் பத்து எம்.எம். இது ஆறு. பைக் நம்பர் பிளேட்ல வரும். யாரு வண்டின்னு பாருங்க கண்ணு, எறக்கத்துல விழுந்துறப் போகுது."

சாயந்திரம் ஒரு பைக்கின் நம்பர் பிளேட் ஒரு காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிட்டரண்ணனே மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளும் ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தார்கள். சிலர் நட்டுக்குப் பதில் வர்க்கித் துண்டு வைத்தார்கள். அந்த முறை சரிப்பட்டு வரவில்லை, டேக்கை மூடுவதற்கு முன்பே தின்றுவிட்டார்கள்.

வகுப்பு ஆறு மாதம். ஆனால் வெப் உலகத்தில் ஆறு மாதம் என்பது ஒரு தலைமுறை என்பதை ஃபிட்டரண்ணன் மூன்றாவது மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"சார், டேபிள் கட்டம் போட்டுப் பக்கத்தைப் பிரிக்கிறது பழசாயிப் போச்சுங்களாமே? இப்ப கிரிட்டுன்னு ஒண்ணு வந்திருக்குதாமுங்க."

"சிலபஸ்ல கட்டம்தான் இருக்கு."

"சிலபஸ்ல இருக்கட்டுமுங்க. நாம கிரிட்டைப் பாத்துருவோம்."

அடுத்த வாரம் அவரே அதைப் படித்துக்கொண்டு வந்தார். "வாடல் தொட்டியில கொழுந்து பரப்பற மாதிரிதானுங்க. எந்தத் தொட்டிக்கு எவ்வளவுன்னு முதல்லயே பிரிச்சிட்டா அப்பறம் அள்ளிப் போட வேண்டியதுதான்" என்றார். எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. சாருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன், நோட்டில் குறித்துக்கொண்டார்.

புதிதாக எது வந்தாலும் அவருடைய ஜாப் கார்டில் ஏறிவிடும். பேக்டரியில் ரிப்பேருக்கு எழுதுகிற அதே அட்டை. என்ன வந்தது, ஓட்டிப் பார்த்ததில் என்ன ஆனது, முடிவு என்ன என்று மூன்று வரி. ஒரு அட்டையை நான் பார்த்திருக்கிறேன்: "தானாக ஓடும் படங்கள். ஓட்டிப் பார்த்தேன். எதற்கு ஓடுகிறது என்று தெரியவில்லை. கழற்றியாச்சு." இன்னொன்று: "திறந்தவுடன் குதிக்கும் பெட்டி. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் போன் நம்பர் கேட்பது போல் உள்ளது. வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்கு ரெண்டு வாரம் உக்காந்து படிச்சீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியாம வேண்டாம்னு சொன்னா அது சோம்பேறித்தனமுங்க. தெரிஞ்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்லோணும்."

ஏஐ வந்தபோது ஊரே பயந்தது. இனிமேல் வெப் டிசைன் படித்து என்ன பிரயோசனம் என்று நாலு பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள். ஃபிட்டரண்ணன் அதனிடம் தேயிலைக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார். ஒரு நிமிடத்தில் செய்து கொடுத்தது. அவர் நட்டுத் தட்டோடு வரி வரியாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அசந்துபோனார். பிறகு அது போட்டிருந்த படத்தைப் பார்த்தார். சிரித்த முகத்தோடு ஒரு பெண், கூடை நிறைய முற்றின இலை.

"வேலைக்காரன் கெட்டிக்காரன்தானுங்க. ஆனா கங்காணி இல்லாம விடக் கூடாது. இந்த அம்மா பறிச்ச எலைய எந்த பேக்டரியிலயும் எடை போட மாட்டாங்க."

வகுப்பு முடிந்ததும் எங்கள் கூடத்துக்கான வெப்சைட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். செய்தோம் என்று சொல்வது மரியாதைக்கு. நான் படம் எடுத்தேன், அவர் செய்தார். செய்து முடித்து, தன்னுடைய பழைய போனை எடுத்துக்கொண்டு மிஸ்ட் மூடிய வளைவில் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அங்கே சிக்னல் ஒரு கோடுதான் வரும். மேலே பஸ் ஹாரன் கேட்டதும் வெப்சைட்டைத் தட்டுவார். பஸ் வளைவு திரும்புவதற்குள் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அன்றைக்கு ஒரு படத்தைக் குறைப்பார். நாலு பஸ்ஸுக்குப் பிறகு திறந்தது. டிரைவர்கள்தான் பாவம், கை காட்டாமல் நிற்கிற ஆளுக்கு நாலு தடவை வண்டியை நிறுத்தினார்கள்.

"வாரம் தவறாம நான் மெயின்டனன்ஸ் பாத்துர்றனுங்க அம்மிணி. நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். அது என்ன மெயின்டனன்ஸ் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சீசன் முடிய மூன்று வாரம் இருந்தபோது சென்னையிலிருந்து ஒரு அம்மா பேசினார். இயற்கைப் பொருள்கள் விற்கிற கடை வைத்திருப்பவர். யாரோ ஒரு டூரிஸ்ட் எங்கள் தேயிலையை வாங்கிப் போய் அவருக்குக் கொடுத்திருக்கிறார். "நல்லா இருந்துச்சுங்க. இன்னும் ரெண்டு இடத்துல பார்த்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு நானும் என் தம்பியும் உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டு, யார்கிட்ட மாசாமாசம் எடுக்கறதுன்னு முடிவு பண்றோம்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். செல்லம்மாக்கா உருட்டு மெஷினுக்குப் பொட்டு வைத்தார். பதினொன்று பத்துக்கு போன் வந்தது.

"என்னங்க இது? சைட்டுல ஒண்ணுமே இல்ல. ஒரு போர்டு மட்டும் தொங்குது."

என் போனில் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை. நடுவில் பெரிய எழுத்தில்: "இன்று வாராந்திரப் பராமரிப்பு. ஓட்டம் இல்லை. நாளை காலை வரவும்."

தேயிலை பேக்டரிகளின் வழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் பறிப்பு கிடையாது. அதனால் திங்கட்கிழமை பேக்டரிக்குக் கொழுந்து வராது. அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, பிரித்து, துடைத்து மாட்டுவார்கள். அதை வெப்சைட்டுக்கும் செய்துகொண்டிருந்தார் மனிதர்! வாராவாரம் செய்திருக்கிறார். திங்கட்கிழமை எனக்குத் துணி துவைக்கிற நாள் என்பதால் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"ஒரு... ஒரு மணி நேரத்துல கூப்பிடறேங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.

"மெசினுக்கு லீவு குடுக்கிற மனுசன், நமக்கும் சேர்த்து நிரந்தரமா லீவு குடுத்துட்டாரா?" என்றார் செல்லம்மாக்கா. யாரும் சிரிக்கவில்லை. நான் ஜீப் பிடித்து பேக்டரிக்கு ஓடினேன்.

பேக்டரி முழுக்க நிசப்தம். உருளைகளைக் கழற்றிப் போட்டிருந்த ஒரு மெஷினுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. என் வாழ்க்கையில் அதுவரை நான் யாரையும் அதட்டியதில்லை. அன்றைக்கு அந்தக் கால்களைப் பார்த்து அதட்டினேன். மெஷின் ஓடாத கட்டடம், என் குரல் தகரக் கூரையில் மோதி எனக்கே திரும்பி வந்தது.

"வெளிய வாங்க! உங்களை யாரு அதை நிறுத்தச் சொன்னது? ஒன்பது குடும்பம் அங்க உக்காந்திருக்குது! பாஸ்வேர்டைக் குடுங்க, நான் தொறக்கறேன்!"

அவர் மெதுவாக வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது.

"இப்பத் தொறக்க முடியாதுங்க அம்மிணி. பக்கத்துக்கு நெறம், அளவெல்லாம் குடுக்கற சி.எஸ்.எஸ்.ஸைக் கழட்டி வெச்சிட்டு வந்திருக்கறேன். லேப்டாப் ஊட்டுல இருக்குது. இப்பத் தொறந்தா பக்கம் சட்டை துணி இல்லாம நிக்கும்."

"நிறுத்தாமயே பாத்திருக்கலாமே?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். அந்த மெஷினுடையது. வேலை முடிகிறவரை வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க ஃபிட்டர்கள் அதை உருவித் தங்களிடமே வைத்துக்கொள்வார்களாம். பிறகு தன் இடது கையை விரித்தார். சுண்டு விரலில் பாதி இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஓடற மெஷின்ல கைய வெச்சனுங்க. அப்பறம் எதையும் நிறுத்தாம தொட்டதில்ல" என்றார். "வெப்சைட்டு விரலை வெட்டாதுன்னு தெரியுமுங்க. ஆனா கைக்குத் தெரிய மாட்டேங்குது."

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இப்ப அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"சைட்டு இல்லைன்னா நீங்க இருக்கறீங்கல்ல? நீங்களே சொல்லுங்க."

"எனக்குப் பேச வராதுண்ணா."

"இப்ப என்னையப் பேசினீங்களே. கூரையில இருந்த புறா எல்லாம் போயிருச்சு."

என் போனை வாங்கி அவரே நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு பேசினேன். வெப்சைட்டுக்கு இன்றைக்கு மெயின்டனன்ஸ் என்றேன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், கொழுந்தை எப்படிப் பறிக்கிறோம் என்று சொன்னேன். செல்லம்மாக்கா வாடின தண்டை விரலில் மடித்துப் பார்ப்பார், படக்கென்று ஒடிந்தால் இன்னும் வாடவில்லை, வளைந்து கொடுத்தால் உருட்டலாம் என்றேன். உருட்டி வைத்த இலையில் பச்சை வாடை போய்ப் பழ வாசனை வருகிற நேரத்துக்காக ஒருத்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்றேன்.

"அந்த நேரத்தைத் தவற விட்டுட்டா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"புளிச்சுப் போயிருங்க. அதை விக்க மாட்டோம். ஒன்பது வீட்டுலயும் பிரிச்சு நாங்களே குடிச்சுத் தீர்ப்போம்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "போன மாசம் எவ்வளவு குடிச்சீங்க?"

"வாய் விட்டுச் சொல்ல முடியாதுங்க. மூணு நாளைக்குத் தூக்கமே வரல."

கூட இருந்த தம்பியும் சிரித்தார். "இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். இன்னும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. நான் இருபது நிமிடம் பேசினேன். கண்ணைத் திறந்தபோது ஃபிட்டரண்ணன் தரையில் குந்தி உட்கார்ந்து, ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாரமே சாம்பிள் அனுப்பினோம். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. அன்றிலிருந்து மாதம் தவறவில்லை. உருட்டு மெஷின் எங்களிடமே இருக்கிறது.

அந்தப் போனுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, வெப்சைட் திறந்தபோது அதில் "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் புதிதாக இருந்தது. நான் போனில் பேசினது அத்தனையும், புளித்த தேயிலையை நாங்கள் குடிப்பது உட்பட. ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. கீழே என் பெயர்.

பத்து நாள் கழித்துக் கூடத்துக்கு வந்தார். கையில் புது ஜாப் கார்டு.

"தப்பு என்ற மேலதானுங்க அம்மிணி. ஓடற சைட்டுக்குப் பக்கத்துலயே அதே மாதிரி இன்னொண்ணு காப்பி எடுத்து, அதைப் பிரிச்சு வேலை பாத்துட்டு, முடிஞ்சதும் மாத்தி வெச்சுக்கலாமாமுங்க. எல்லாரும் அப்புடித்தான் பண்றாங்களாமுங்க. எனக்குத் தெரியாம போச்சு. படிச்சுட்டேன்."

அதற்குப் பிறகு எங்கள் வெப்சைட் ஒரு நாளும் நின்றதில்லை.

போன வருடம் அவர் ரிட்டையர் ஆனார். பேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே இன்றைக்கும் திங்கட்கிழமைதோறும் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். வேண்டாத ஒரு காற்புள்ளியைக்கூட விட்டு வைக்க மாட்டார்.

வெப் பக்கம் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. ஒரு வரிக்கு முன்னும் பின்னும் சில குறிகளைப் போட்டுவிட்டால், பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் யாருக்கும் அந்த வரி தெரியாது. பிரித்து உள்ளே பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பாஸ்வேர்டை என்னிடமும் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போன வாரம், நான் கற்றுக்கொண்டதை வைத்து அப்படி ஒரு வரி எழுதி உள்ளே போட்டேன்: "எங்கள் கூடம் இன்றைக்கும் நடப்பது ஃபிட்டரண்ணனால். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது."

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கம் ஓடுவதற்கு அந்த வரி தேவையே இல்லை, எந்தத் திங்கட்கிழமையும் அவர் அதைக் கழற்றிவிடலாம். அதனால் செவ்வாய்தோறும் நான் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.

இன்றைக்குச் செவ்வாய். இப்போதுதான் பார்த்தேன். இருக்கிறது.